மாந்தோப்பா, மூடிக்கிடக்கும் ஆலையா? கிருஷ்ணகிரியில் அடுத்த வீடுகளை எங்கே கட்டுவது

பத்திரம் எழுதும் தொழிலில் கிருஷ்ணகிரியில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன். சில மாதங்களுக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு கட்டு ஆவணங்கள் என் மேசைக்கு வந்தன. ஒன்று, ஊருக்கு வெளியே ராயக்கோட்டை சாலைப் பக்கம் இருந்த 2 ஏக்கர் மாந்தோப்பு. மனை பிரித்து விற்பதற்காக அதை வாங்க வந்தவர் முன்பணத்தோடு வந்திருந்தார். மற்றொன்று, நகருக்கு உள்ளேயே, தார்ச்சாலையும் குடிநீர்க் குழாயும் வாசல் வரை வந்திருக்கும் இடத்தில், பல ஆண்டுகளாக மூடிக்கிடக்கும் 2 ஏக்கர் மாங்கூழ் தொழிற்சாலை. அதைப் பார்க்க வந்தவர் வில்லங்கச் சான்றை மூன்று பக்கம் புரட்டியதும், யோசித்துச் சொல்வதாகக் கூறி எழுந்து போய்விட்டார். தோப்பு ஆறு வாரத்தில் கிரயமாகி, மரங்கள் வெட்டப்பட்டு, எல்லைக்கல் நடப்பட்டுவிட்டது. தொழிற்சாலை இன்றும் பூட்டியே கிடக்கிறது.

ஒரே அளவுள்ள இந்த இரண்டு நிலங்களில் எதில் வீடு எழ வேண்டும் என்பதை இன்றைக்கு வாங்குபவரின் வசதி மட்டுமே முடிவு செய்கிறது. நகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் நகர் ஊரமைப்புத் துறையும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது என்பது என் எண்ணம். 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி நகரில் ஏறத்தாழ 71,000 பேரும், ஒசூரில் 1,16,000-க்கும் மேற்பட்டோரும் இருந்தார்கள். ஒசூர் 2019-இல் மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. வீடு தேவையா என்ற கேள்வி இங்கே எழவில்லை. தோப்பையும் கொல்லையையும் அழித்துக் கட்டுவதா, ஏற்கெனவே பயன்பட்டு ஓய்ந்த நிலத்தில் கட்டுவதா, பின்னதைத் தேர்ந்தால் அதற்கு எவ்வகை ஊக்கம் பலன் தரும் என்பவையே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை.

முதலில் தோப்பின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் உரிமையாளர் ஒருவர், அல்லது ஒரு குடும்பம். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அவர்கள் பெயரிலேயே இருக்கும். இடிக்க ஒன்றும் இல்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்ததும், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்ததும், இந்தத் தொழிலில் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியுள்ளன. இன்று ஒரு மனைப்பிரிவு அங்கீகாரம் பெற வேண்டுமானால் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் பத்தடிச் சந்தை முப்பதடிச் சாலை என்று சொல்லி விற்றதைப் பார்த்தவன் என்பதால், இந்த மாற்றத்தின் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் அங்கீகாரக் கடிதத்தோடு தண்ணீர் வந்துவிடுவதில்லை. என் சின்னம்மா மகன் எட்டு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு தோப்பு மனையில் வீடு கட்டினார். ஆழ்துளைக் கிணறு 900 அடியில்தான் தண்ணீர் காட்டியது. கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் பாறைக்குள் ஆழத்தில் ஊறும் நீரில் ஃபுளோரைடு மிகுந்திருக்கும் என்பது வெகுகாலமாக அறிந்த செய்தி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்த நீர் குடிக்கத் தகாதது. அவருடைய மகளுக்குப் பால்பல் விழுந்து முளைத்த முன்பற்களில் பழுப்பு வரி இருந்ததைப் பார்த்த பிறகுதான் வீட்டில் கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கினார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதே இந்தப் பாதிப்பிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களைக் காப்பாற்றத்தான். அதன் குழாய் ஊர்களின் மேல்நிலைத் தொட்டிகளுக்குப் போகிறது. ஊருக்கும் ஊருக்கும் இடையே புதிதாக முளைக்கும் மனைப்பிரிவுக்கு அது எப்போது வரும் என்பது, வீடுகள் நிறைந்து, மனு கொடுத்து, நிதி ஒதுக்கிய பிறகு தெரியும் விஷயம். காவிரி நீர் வந்து நிற்கும் தெருவில் பூட்டிய ஆலையை விட்டுவிட்டு, 900 அடி துளைபோட வேண்டிய இடத்தில் குடும்பங்களைக் குடியேற்றுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற காரியம்.

தோப்பின் இழப்பும் சின்னதில்லை. பெங்களூரா ரக ஒட்டுக்கன்று நட்டால் நான்கைந்து ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும். அதன்பின் இரண்டு தலைமுறைக்குப் பலன் கொடுக்கும். வெட்டிய மரத்துக்கு விறகு விலைதான் கிடைக்கும்.

இனி கணக்கு. 2 ஏக்கர் என்பது 87,120 சதுர அடி. அதை மனைகளாகப் பிரித்தால் சாலைக்கும் பூங்காவுக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது போகும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 52,000 சதுர அடியில், 1,200 சதுர அடி வீதம், 43 மனைகள் தேறும். அந்த 43-இலும் பாதிக்கு மேல், மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று வாங்கிப் போட்ட மனைகளாகவே முள்மண்டிக் கிடப்பதை எந்த மனைப்பிரிவிலும் பார்க்கலாம். அதே 2 ஏக்கர் நகருக்குள் இருந்தால், 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயர் அடுக்குமாடி வகையில் சேராத சாதாரண உயரக் கட்டடங்களுக்கு நிலப்பரப்பைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம். அதாவது 1,74,000 சதுர அடி. அவ்வளவு வேண்டாம், அதில் நூற்றுக்கு அறுபது மட்டும் கட்டினாலும், பொது இடங்களையும் சேர்த்து வீட்டுக்கு 700 சதுர அடி வீதம், சுமார் 150 குடும்பங்கள் குடியிருக்கலாம். பதிவுச் செலவிலும் வேறுபாடு உண்டு. மனைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு 9 ஆகிறது. 50 லட்சத்துக்கு உட்பட்ட புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் அது நூற்றுக்கு 6 தான்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் ஆலை ஏன் விற்கவில்லை? அந்த இடத்தை நேரில் பார்க்க உரிமையாளரின் மைத்துனரோடு நானும் ஒரு நாள் போனேன். எடைமேடையின் இரும்புத் தகட்டுக்குள்ளிருந்து வேம்பு ஒன்று முளைத்து ஆளுயரம் வளர்ந்திருந்தது. மீட்டர் பெட்டிக்குள் குளவிக்கூடு. கூழ் காய்ச்சிய கொட்டகையின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள், பாதி உடைந்து தொங்கின. கொதிகலனுக்குப் பின்னால் எண்ணெய்த் தொட்டி இருந்த இடத்தில் மட்டும், சுற்றிலும் புல் முளைத்திருக்க, பாய் விரித்த அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டில் எதுவுமே முளைத்திருக்கவில்லை. காலால் கிளறினால் மண் பிசுபிசுவென்று ஒட்டியது. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் திட்டின் அருகில் நின்று ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுப் போவதாக அந்த மைத்துனர் சொன்னார்.

மண்ணைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் எல்லா நிலத்துக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. மாங்கூழ் ஆலையின் கழிவு பழச்சக்கையும் புளித்த நீரும்தான். நாற்றம் எடுக்கும், ஆனால் ஆண்டுகள் போனால் மக்கிவிடும். அங்கே கவனிக்க வேண்டியவை அந்த எண்ணெய்த் திட்டும், நனைக்காமல் உடைத்தால் நுரையீரலுக்குள் போகும் ஆஸ்பெஸ்டாஸ் தூசும். கிரானைட் அறுத்து மெருகேற்றும் பட்டறைகள் விட்டுச்செல்வது பெரும்பாலும் கல்மாவு. அள்ளி அப்புறப்படுத்தும் செலவு உண்டு, நஞ்சு குறைவு. முலாம் பூசும் பட்டறை, பேட்டரி உடைத்த கொட்டகை, பழைய பெட்ரோல் பங்க் ஆகியவற்றின் நிலை வேறு. குரோமியமும் ஈயமும் மழையில் கரைந்து போய்விடும் என்று யாரும் நம்பக் கூடாது. ராணிப்பேட்டையில் மூடிய ஒரு குரோமேட் ஆலையின் கழிவுக்குவியல் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டு நின்றதையும், 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை பல ஆண்டு வழக்காடலுக்குப் பிறகே தொடங்கியதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து, பொறுப்பாளியைக் கொண்டு சுத்தம் செய்விப்பதற்கென்று மத்திய அரசு 2025-இல்தான் தனி விதிகளை வெளியிட்டது. ஆகவே நிலத்தின் முந்தைய தொழில் என்ன என்பதே முதல் வடிகட்டி. கூழ் ஆலைக்கும் கல் பட்டறைக்கும் சில இடங்களில் மண் எடுத்துச் சோதித்தால் போதும். முலாம் பட்டறை இருந்த இடத்தை வீட்டுக்கு விடவே நான் தயங்குவேன்.

மண்ணைவிடப் பெரிய தடை காகிதத்தில் இருக்கிறது. இதில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நகரமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த ஆலையைத் தொடங்கியவர்கள் மூன்று பங்காளிகள். இருவர் காலமாகிவிட்டார்கள், அவர்களுடைய வாரிசுகள் பெங்களூரு, சேலம், துபாய் என்று பிரிந்திருக்கிறார்கள். நிலம் வங்கியில் அடமானம். பழைய விற்பனை வரி நிலுவைக்காக ஒரு ஜப்தி உத்தரவு. இவை வில்லங்கச் சான்றில் தெரிபவை. தெரியாதவையும் உண்டு. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி பாக்கி அந்தச் சொத்தின் மீதே முதல் பொறுப்பாக நிற்கும். அது எந்தச் சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. வேலை போனவர்களின் பணிக்கொடைக் கோரிக்கை தொழிலாளர் துறை அதிகாரியிடம் நிலுவையில் இருக்கும். பழைய மின் பாக்கியைக் கட்டாமல் அந்த இடத்துக்குப் புதிய இணைப்பு வாங்குவது கடினம். நகராட்சிச் சொத்து வரி பாக்கி வேறு. வாங்குபவர் கிரயத்துக்குப் பிறகு ஆறாவது மாதம், தான் கேள்விப்படாத ஒரு துறையிலிருந்து நோட்டீஸ் வாங்குவார். இதை ஒருமுறை அனுபவித்தவர் அடுத்த முறை தோப்புக்குத்தான் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பெரிய நிறுவனங்களுக்கு 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஏற்கப்பட்ட மீட்புத் திட்டத்தில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் அழிந்துவிடும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவுபடுத்தியது. நம் ஊரின் மூன்று பங்காளி ஆலைகள் அந்தச் சட்டப்படி விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் வாசலை மிதிப்பதே அரிது.

இந்தப் பின்னணியில்தான் ஊக்க வழிகளை எடை போட வேண்டும். எல்லாரும் முதலில் சொல்வது கூடுதல் தளப்பரப்பு. கட்டணம் செலுத்தினால், சாலை அகலத்தைப் பொறுத்து, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் நூற்றுக்கு ஐம்பது வரை கூடுதலாகக் கட்ட நம் விதிகளிலேயே இடமுண்டு. சதுர அடி பல ஆயிரம் ரூபாய்க்குப் போகும் சென்னையில் இது பெரிய சலுகை. கிருஷ்ணகிரியில் இரண்டு மடங்கு அனுமதியையே முழுதாகப் பயன்படுத்தும் கட்டடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாப்பாட்டுக்கே ஆளில்லாத பந்தியில் இன்னும் ஒரு பந்தி பரிமாறுவதாகச் சொல்வது போல இருக்கிறது இந்தச் சலுகை. ஒசூரின் நெடுஞ்சாலை ஓரங்களில் வேண்டுமானால் இதற்கு மதிப்பு இருக்கலாம்.

கட்டணத் தள்ளுபடி அதைவிடப் பயனுள்ளது. வளர்ச்சிக் கட்டணம், நிலப்பயன் மாற்றக் கட்டணம், முத்திரைத் தீர்வை ஆகியவற்றில் ஒரு பகுதியைக் குறைத்தால், இடிக்கும் செலவும் எண்ணெய் மண்ணை அகற்றும் செலவும் ஈடாகும். ஆனால் உரிமைச் சிக்கல் தீராத நிலத்துக்குத் தீர்வை குறைத்து என்ன பயன்? கிரயமே நடக்காதபோது தள்ளுபடி யாருக்கும் போய்ச் சேராது.

மூன்றாவது வழி, அரசு முதல் அடியை எடுத்து வைப்பது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு சிறு பிரிவு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடக்கும் தொழில் நிலங்களைப் புல எண் வாரியாகப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் ஏறிய நிலத்துக்கு, எல்லாத் துறைகளும் தங்கள் நிலுவையைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். கெடு தாண்டி வரும் கோரிக்கை பழைய உரிமையாளரைத் தொடரலாம், புதிதாக வாங்கியவரைத் தொடக் கூடாது. இதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படும் என்பதை அறிந்தே சொல்கிறேன். மண் சோதனையைப் பொதுச் செலவில் செய்து, அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்து, அந்தச் செலவை விற்பனை நாளில் கிரயத் தொகையிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். தொழில் உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்றும் நடைமுறையை, 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ், ஒவ்வொருவரும் தனித்தனியே அலையாமல் பட்டியல் நிலங்களுக்கு ஒரே சமயத்தில் முடித்துவிடலாம்.

பொதுப்பணம் தனியார் நிலத்துக்கு ஏன் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். செலவு திரும்பி வரும் என்பது ஒரு பதில். திருத்திக் கொடுத்த நிலத்தில் ஒரு பங்கு சிறு வீடுகளாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம் என்பது இன்னொன்று. அந்த நிபந்தனையை எழுதும் விதத்தில் மும்பை ஒரு பாடம் விட்டுச்சென்றிருக்கிறது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் நலிந்த பஞ்சாலைகளின் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்று 1991-இன் விதி சொன்னது. 2001-இல் அந்தப் பங்கீடு ஆலைக் கட்டடங்கள் நின்ற பரப்பை விட்டு, காலியாக இருந்த பரப்புக்கு மட்டும் என்று திருத்தப்பட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. நகரத்துக்கு வர வேண்டிய நிலம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. எனவே நம் நிபந்தனை மொத்தப் பரப்பின் மேல், பட்டியலில் ஏறும் நாளிலேயே எழுதப்பட்டுவிட வேண்டும்.

எது பயன்பட்ட நிலம் என்ற வரையறையிலும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் புதிய வீடுகளில் நூற்றுக்கு அறுபதை ஏற்கெனவே பயன்பட்ட நிலத்தில் கட்டுவது என்று 1998-இல் இலக்கு வைத்து, அதற்குக் குறித்த 2008-க்கு வெகு முன்பே எட்டிவிட்டார்கள். ஆனால் வீட்டுத் தோட்டங்களும் பயன்பட்ட நிலம் என்ற கணக்கில் வந்ததால், தோட்டங்களைத் துண்டாடிக் கட்டுவதாகப் புகார் எழுந்து, 2010-இல் அவற்றை வரையறையிலிருந்து நீக்க நேர்ந்தது. இங்கே வரையறை தளர்ந்தால், மூலையில் ஒரு மோட்டார் கொட்டகை நிற்பதைக் காட்டித் தோப்பு முழுவதையும் பட்டியலில் ஏற்றுவார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட ஏரிப் புறம்போக்கும் வரிசையில் வந்து நிற்கும். கைவிடப்பட்ட கிரானைட் குழிகளையும் நான் ஏற்க மாட்டேன். நூறடிப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி நிற்கும் விளிம்பில் குழந்தைகள் உள்ள குடும்பங்களைக் குடிவைக்க முடியாது. சிப்காட் மனைகளும் வேண்டாம். அவை தொழிலுக்கென்று 99 ஆண்டுக் குத்தகையில் கொடுக்கப்பட்டவை, மூடிய ஆலையின் இடம் அடுத்த ஆலைக்கே போக வேண்டும்.

இருக்கும் வீட்டின் மேல் மாடி எடுப்பது, தெருவுக்குள் காலியாக நிற்கும் மனைகளில் கட்டுவது ஆகியவை தாமாகவே நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தடுக்காமல் இருந்தால் போதும். கிராமங்களில் சொந்த இடத்திலுள்ள குடிசையை மாற்றி வீடு கட்ட, 2024 முதல் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் கொடுக்கப்படும் 3.5 லட்சம் ரூபாயும் பழைய இடத்தையே புதுப்பிக்கும் வேலைதான்.

தொடங்குவதற்கு மிக எளிதான இடம் அரசின் சொந்த நிலம். வாழத் தகுதியில்லை என்று எழுதி ஒட்டப்பட்ட ஊழியர் குடியிருப்புகள், இடிந்த கிடங்குகள் முதலியவற்றில் வாரிசுச் சிக்கலும் அடமானமும் இருக்காது. விற்றுத் தீர்ந்த பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டுவதற்கும், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும் என்று 2022-இன் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் இவற்றில் குடியிருப்பவர்களுக்கு இடைக்கால வாடகையும், திரும்பி வரும் உரிமையும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கப்பட்ட பிறகே ஒரு செங்கல்லையும் பெயர்க்க வேண்டும். மூடிய ஆலைக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு எந்த ஆவணமும் இல்லை. அவர்களுக்கான மாற்று இடமும் அதே தாளில் இடம்பெற வேண்டும்.

இந்த ஒப்பீட்டில் என் முடிவு ஆலையின் பக்கம்தான்; ஆனால் உரிமைச் சிக்கலை அரசு முன்நின்று தீர்க்கும் என்ற நிபந்தனையோடு. அது நடக்காவிட்டால், தோப்பு வாங்குவதை விட்டு ஆலை வாங்குங்கள் என்று என்னிடம் வருகிற ஒரு சாதாரணக் குடும்பத்துக்கோ சிறு கட்டுநருக்கோ நான் சொல்ல மாட்டேன். அவர்களுடைய சேமிப்பைச் சோதனைக்கு உள்ளாக்க எனக்கு உரிமை இல்லை.

அந்த மாங்கூழ் ஆலையின் வாரிசுகளில் ஏழு பேரில் ஐவர் பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள். துபாயில் இருப்பவருடைய கையெழுத்து அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகச் சான்றோடு வர வேண்டும். சேலத்தில் இருப்பவர் வருங்கால வைப்பு நிதி பாக்கி எவ்வளவு என்று தெரியாமல் கையெழுத்திட மாட்டேன் என்கிறார். அந்தத் தொகையைக் கேட்டு நான் எழுதிக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.